நந்தும் சங்கும்: ஓடுடைய நீருயிர்ப் பெயர்களின் பொருளும் இலக்கணமும்

நீரில் வாழ்ந்து தன் மெல்லுடலைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்ளும் உயிர்களைக் குறிக்கத் தமிழில் சொற்கள் ஏராளமாக உள்ளன. சங்கு, சிப்பி, கிளிஞ்சல், மட்டி, நத்தை, சோழி ஆகியவை இன்றும் நாவில் வழங்குபவை; நந்து, வளை, கோடு, இப்பி, ஏரல், பணிலம், சுரிமுகம் ஆகியவை பெரும்பாலும் நூல்களுக்குள் ஒதுங்கிவிட்டவை. இவற்றுள் மிகப் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. ஓட்டுக்கும் அதனுள் வாழும் உயிருக்கும் ஒரே பெயர் நிற்கிறது. ஆமையின் ஓடு, நண்டின் ஓடு என்று உறுப்பைப் பிரித்துப் பேசும் தமிழர், சங்கின் ஓடு என்று பேச்சில் சொல்வதில்லை. ஓடே சங்கு, உள்ளே இருந்த உயிரும் சங்கு. எந்த இடத்தில் உயிர், எந்த இடத்தில் ஓடு என்பதைப் பெயரோடு சேரும் வினையும் அடைமொழியும் தொடரின் அமைப்பும்தான் தெரிவிக்கின்றன. பழைய இலக்கண நூல்கள் இப்பெயர்களை உயிர்ப் பெயர்களாகவே எடுத்துக்கொண்டு விதி செய்தன. பிற்கால வழக்கு, குறிப்பாகச் ‘சங்கு’ என்னும் சொல் மேலோங்கிய பின், ஓட்டின் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வு எப்படி நிகழ்ந்தது என்பதைச் சொற்களின் எழுத்தமைப்பும் புணர்ச்சியும் பொருள் விரிவும் ஓரளவு காட்டிக்கொடுக்கின்றன.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டும் உடைய ஈரறிவு உயிர்களுக்கு நந்து, முரள் என்னும் இரண்டை எடுத்துக்காட்டாகத் தருகிறது. இவ்விரு பெயர்களையும் தனித்தனி உயிர்களாகக் கொள்ளாமல் இனப்பெயர்களாகக் கொண்டு உரையாசிரியர்கள் விரித்துள்ளனர். நந்தின் கீழ்ச் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரளின் கீழ் இப்பி, கிளிஞ்சில், ஏரல் முதலியவற்றையும் அவர்கள் அடக்கினர். இந்தப் பகுப்பை விலங்கியல் கண்கொண்டு பார்த்தால் அதன் நுட்பம் வியப்பளிக்கிறது. முதல் தொகுதியில் உள்ளவை ஒற்றை ஓடு சுருண்டு வளர்பவை. இரண்டாம் தொகுதியில் உள்ளவை இரண்டு மூடிகள் கீல்போல் இணைந்து திறந்து மூடுபவை. இன்றைய விலங்கியல் முன்னவற்றை வயிற்றுக்காலிகள் என்றும் பின்னவற்றை இருமூடிகள் என்றும் இரு வகுப்புகளாக வைக்கிறது. புலன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை மரபியலின் கணக்கு அறிவியலோடு ஒத்துப்போவதில்லை. கடற்சங்குக்குச் சிறிய கண்கள் உண்டு, நீரில் கரைந்துவரும் மணத்தை உணரும் உறுப்பும் உண்டு. ஆயினும் வடிவத்தைக் கொண்டு இனம் பிரித்த பார்வை கூர்மையானது என்பதில் ஐயமில்லை.

மரபியல் இன்னொரு விதியையும் தருகிறது. அது பலர் கவனத்துக்கு வராதது. பெண்மை உணர்த்தும் பெயர்களைத் தொகுக்கும் இடத்தில், எருமை, மரை, பெற்றம் ஆகிய விலங்குகளின் பெண்ணுக்கு உரிய ‘நாகு’ என்னும் சொல், நீரில் வாழ்வனவற்றுள் நந்துக்கும் உரியது என்று அது குறிப்பிடுகிறது. ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஓர் உயிருக்கு ஆண், பெண் என்ற வேறுபாட்டைச் சொல்லளவில் ஏற்படுத்த வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்ற கேள்விக்கு, புறநானூற்றின் 266ஆம் பாடல் விடை வைத்திருக்கிறது. பெருங்குன்றூர்கிழார் பாடிய அப்பாடலில், கோடையிலும் நீர் வற்றாத வயல்வளத்தைக் காட்டுவதற்காக, ஆம்பலின் அகன்ற இலை நிழலில் நந்தின் ஏற்றை, அதாவது அதன் ஆண், நாகாகிய இளைய வளையோடு பட்டப்பகலில் கூடும் காட்சி வருகிறது. ஆணைக் கூறுமிடத்தில் நந்து என்றும் பெண்ணைக் கூறுமிடத்தில் வளை என்றும் சொல் மாறினாலும் இரண்டும் ஓரினமே. ஆகவே ‘வளை’ என்பதும் இங்கே வெறும் ஓட்டைச் சுட்டவில்லை, இணைசேரும் உயிரைச் சுட்டுகிறது. வயலிலும் குளத்திலும் வாழும் பெருநத்தைகளிலும் கடற்சங்கிலும் ஆண் வேறு, பெண் வேறு. தோட்டத்தில் ஊரும் நிலநத்தைகளில் பெரும்பாலானவை இருபால் உறுப்புகளையும் ஓருடலில் கொண்டவை. மரபியல் ‘நீர்வாழ் சாதி’ என்று எல்லை கட்டிச் சொன்னது இந்த உண்மையோடு பொருந்திப்போகிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆயினும் நீர்நிலைகளை நெருங்கி நின்று பார்த்தவர்களின் வழக்கிலிருந்தே இலக்கணம் அந்த விதியை எடுத்திருக்க வேண்டும் என்று கொள்வதே தகும்.

‘நந்து’ என்னும் சொல் தமிழின் மெலிவலி மாற்றத்துக்கு நல்ல சான்று. மெல்லெழுத்தை அடுத்து வல்லெழுத்து நிற்கும் சொற்களில் சில, புணர்ச்சியிலும் சொல்லாக்கத்திலும் அம்மெல்லெழுத்தை அதன் இன வல்லெழுத்தாக மாற்றிக்கொள்ளும். இரும்பு என்பது இருப்புப்பாதை என்பதில் ‘இருப்பு’ ஆவதும், குரங்கு என்பது குரக்குமுகம் என்பதில் ‘குரக்கு’ ஆவதும் இவ்வகை. இன்றைய ‘நத்தை’ என்னும் சொல்லை ‘நந்து’ என்பதோடு இணைப்பதும் இந்த வழியில்தான். தெலுங்கின் ‘நத்த’ என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. திருக்குறளின் 235ஆம் குறளில் வரும் ‘நத்தம்’ என்னும் சொல்லைப் பற்றிய உரைவேறுபாடு இதன் தொடர்பில் கருதத்தக்கது. பரிமேலழகர், ‘நந்து’ என்னும் தொழிற்பெயர் ‘நத்து’ எனத் திரிந்து ‘அம்’ விகுதி பெற்று ‘நத்தம்’ ஆயிற்று என்று விளக்கி, அதற்கு ஆக்கம் என்று பொருள் கொள்கிறார். நந்துதல் என்பதற்கு வளர்தல் என்னும் பொருள் இருப்பதால் அது இலக்கணத்துக்கு இயைந்தது. அதே சொல்லுக்குச் சங்கு என்று பொருள்கொண்டோரும் உண்டு. அப்படிக் கொண்டால், உள்ளிருக்கும் உயிர் அழிந்த பிறகும் ஓடு வெண்மையோடு நிலைப்பதுபோல், வித்தகர்க்குச் சாவிலும் புகழுடம்பு எஞ்சும் என்று கருத்து விரியும். குறளின் தொடரமைப்புக்குப் பரிமேலழகர் உரையே நேரானது. எனினும் சங்கு என்று கொண்ட உரை, ஓடும் உயிரும் ஒரே பெயரில் உறைவதைப் பயன்படுத்திக்கொண்ட அழகிய உரை என்பதை மறுக்க முடியாது.

வளை, கோடு என்னும் இரண்டும் வடிவத்தால் வந்த பெயர்கள். வளைதல் என்னும் வினையடியே பெயராகி, வளைந்த ஓட்டையும் அதன் உயிரையும் குறித்தது. அதே சொல் மகளிர் கையில் அணியும் அணியையும் குறித்தது. இதனைத் தொல்காப்பியர் கூறும் ஆகுபெயர் வகைகளுள் ‘இயன்றது மொழிதல்’ என்பதில் அடக்கலாம். ஒரு பொருளால் இயன்ற மற்றொன்றுக்கு அம்மூலப்பொருளின் பெயரே ஆகிவருவது அது. பழந்தமிழ் மகளிரின் வெள்வளை சங்கை அறுத்துச் செய்தது என்பதால் இவ்விளக்கம் பொருந்தும். வளைந்திருப்பதால் அணியும் தனியே ‘வளை’ எனப் பெயர் பெற்றிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அப்படியானால் இங்கே ஆகுபெயர் இல்லை, ஒரே வினையடியிலிருந்து பிறந்த இரு பெயர்களே உள்ளன. பொன்னாலும் கண்ணாடியாலும் செய்த அணிகளும் பின்னர் வளை, வளையல் எனப்பட்டதை நோக்கும்போது, தொடக்கத்தில் ஆகுபெயராக இருந்தது பின்னர் வடிவப் பெயராக விரிந்தது என்று கொள்வது இரு தரப்புக்கும் இடம் தரும்.

‘கோடு’ என்பது கொம்பு, யானைத் தந்தம், மரக்கிளை, மலையுச்சி, சங்கு என வளைந்து நீளும் பலவற்றுக்கு உரிய சொல். இலக்கணத்தில் இது நெடில்தொடர்க் குற்றியலுகரம்; உருபேற்கும்போது டகரம் இரட்டித்துக் கோட்டை, கோட்டால், கோட்டின் என்றாகும். சங்கு என்னும் பொருளில் இச்சொல் வழக்கிழந்ததற்கு இந்த உருபு வடிவமும் ஒரு காரணமாகலாம். கோட்டை என்றதும் அரணும், கோட்டின் என்றதும் வரைந்த கோடும் முந்திக்கொண்டு நினைவுக்கு வரும்போது, சங்கைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்று தேவைப்படும். மதுரைக்காஞ்சி மதுரை நகரின் கைவினைஞர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் கோட்டை அறுத்துக் கடையும் தொழிலாளரைச் சொல்கிறது. அகநானூற்றின் 24ஆம் பாடலோ, வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளைகளை அறுத்தெடுத்த பின் எஞ்சிய நுனித்துண்டை உவமையாக்குகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் இந்தியச் சங்கைப் பற்றி வெளியிட்ட நூலில், தாமிரபரணிக் கரையின் பழந்துறைமுகமான கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கை வங்காளத்துக்கு அனுப்பி, அங்கு மணமான மகளிர் அணியும் வளையலாக அறுத்த வணிகம் அவர் காலத்திலும் நடந்துகொண்டிருந்தது. அறுக்கப்படும் சங்கும் ஊதப்படும் சங்கும் உயிர் நீங்கிய ஓடுகள். தொழிலும் வழிபாடும் பெருகப் பெருகச் சொல்லின் பொருள் ஓட்டின் மேல் நிலைத்தது இயல்பே.

‘சங்கு’ என்பது வடமொழியின் ‘சங்க’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. கிரேக்கத்தின் ‘கொங்கே’ என்பதும் அதன் உறவுச்சொல். தொல்காப்பியத்தின் மொழிமரபுப்படி சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வருவதில்லை. விதியை அப்படியே பொருத்தினால் ‘சங்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இடமே இல்லை. அந்த நூற்பாவின் பாடம் பிழைபட்டது என்றும், ஔகாரம் ஒன்றை மட்டுமே தொல்காப்பியர் விலக்கினார் என்றும் பாடபேதம் காட்டி வாதிட்ட அறிஞர்களும் உள்ளனர். எதுவாயினும், 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் சகரத்தைப் பன்னிரண்டு உயிர்களோடும் சொல்லின் முதலில் ஏற்றுக்கொண்டது. அதற்குள் சங்கு, சங்கம் போன்றவை விலக்கமுடியாத வழக்காகிவிட்டன. ‘இப்பி’, ‘சிப்பி’ என்னும் இரட்டையும் இதே சகரத்தின் கதையைச் சொல்கிறது. பாலி மொழியில் முத்துச்சிப்பிக்குச் ‘சிப்பி’ என்றே பெயர். பிராகிருத, பாலிச் சொற்களைத் தமிழ் மிகப் பழைய காலத்தில் ஏற்றபோது முதலிலுள்ள சகர ஒலியை நீக்கிக்கொண்டது என்றும், ஆவணி, ஆயிரம், ஈழம் முதலியனபோல் ‘இப்பி’யும் அவ்வாறு வந்தது என்றும் மொழியியலார் பலர் கருதுவர். ‘இப்பி’யே தமிழின் சொந்தச் சொல் என்பாரும் உண்டு. சகரம் நீங்கிய வடிவம் நூல்களில் தங்க, சகரம் உள்ள வடிவமே இன்று மக்கள் நாவில் இருக்கிறது.

புணர்ச்சியில் ‘சங்கு’ மென்தொடர்க் குற்றியலுகரமாக நடக்கிறது. இரும்பு இருப்பு ஆவதுபோல் இது ‘சக்கு’ ஆவதில்லை. நந்து நத்து ஆன அந்த வழி இதற்கு மூடியே இருக்கிறது. மற்றபடி நன்னூல் விதிப்படி, இரண்டாம் வேற்றுமைத்தொகை நீங்கலாக, வேற்றுமையில் வல்லெழுத்து மிகும், அல்வழியில் மிகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பூநகரியையும் இணைத்து 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தால் பரவலாக அறியப்பட்ட ‘சங்குப்பிட்டி’ என்னும் ஊர்ப்பெயர், சங்கினை உடைய திட்டு என்று வேற்றுமைப் பொருளில் விரிவதால் பகரம் மிக்கு நிற்கிறது. தூத்துக்குடிக் கரையில் வழங்கும் ‘சங்கு குளித்தல்’ என்னும் தொடரில் ககரம் மிகவில்லை; ‘முத்துக்குளித்தல்’ என்பதில் மிகுந்திருக்கிறது. முத்து வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் எந்தப் பொருளிலும் வல்லெழுத்து மிக்கே தீரும். அதைக்கொண்டு தொடரின் உள்ளுறவை அறிய முடியாது. சங்கு என்பதில்தான் அந்த உறவு வெளிப்படுகிறது. சங்குக்காகக் குளித்தல் என்று நான்காம் வேற்றுமையை விரித்தால் ஒற்று மிக வேண்டும். அது மிகாமல் நிற்பதால், ‘நண்டு பிடித்தல்’, ‘கன்று கட்டுதல்’ என்பனபோல் இரண்டாம் வேற்றுமை தொக்க தொடராகவே கடற்கரை மக்கள் இதனை உணர்ந்திருக்கிறார்கள். குளித்தல் என்பது செயப்படுபொருள் வேண்டாத வினை. சங்கைக் குளித்தான் என்று உருபை விரித்து எவரும் சொல்வதில்லை. மூழ்குவதும் மூச்சடக்கித் தேடுவதும் எடுத்துக்கொண்டு மேலே வருவதும் ஆகிய முழுத்தொழிலும் ‘குளி’ என்னும் ஒரு வினைக்குள் அடங்கியதால்தான், பொதுவழக்கில் இல்லாத ஒரு செயப்படுபொருளை அது இந்தத் தொழிலில் மட்டும் ஏற்றுக்கொண்டது. அகராதிகள் இதற்குத் தனி விளக்கம் தருவது நல்லது.

வலம்புரி, இடம்புரி என்பவை புரி என்னும் முறுக்கைக் கொண்டு அமைந்த அன்மொழித்தொகைகள். வலமாக முறுக்குண்ட புரியைச் சொல்லி, அதனை உடைய சங்கை அவை குறிக்கின்றன. இவ்விடத்தில் மரபு வழக்கும் விலங்கியல் வழக்கும் நேர் எதிராக நிற்பதால் குழப்பம் எழுகிறது. விலங்கியலார் ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து, வாய்த்திறப்பைத் தம் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் அது வலச்சுருள். கடலில் கிடைக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கணக்கில் வலச்சுருள்தான். மரபிலோ கூர்முனை கீழே இருக்க, வாயின் நீண்ட நுனி மேல்நோக்கி இருக்கும்படி பிடிப்பது வழக்கம். அப்படிப் பிடிக்கும்போது அதே சங்கின் வாய் இடப்பக்கம் வந்துவிடுகிறது. எனவே எங்கும் கிடைப்பது இடம்புரி. விலங்கியலார் இடச்சுருள் என்று சொல்லும் மிக அரிய சங்கே வலம்புரி. இரு வழக்குகளும் தத்தம் நிலையில் சரியானவை. ஆயிரம் இப்பி சூழ இடம்புரியும், ஆயிரம் இடம்புரி சூழ வலம்புரியும், அவ்வாறே சலஞ்சலமும், அதற்கும் மேலாகப் பாஞ்சசன்னியமும் இருக்கும் என்று சங்குகளுக்குப் படிநிலை வகுத்த மரபு, அருமையை ஏற்றிச் சொன்ன கற்பனை. ஆயினும் அதன் அடிப்படியில் இருமூடி இனமான இப்பியை வைத்து, அதன்மேல் சுருளோடுகளை அடுக்கியது கவனிக்கத்தக்கது.

விலங்கியலில் இச்சங்கின் பெயர் டர்பினெல்லா பைரம். கடலடி மணற்பரப்பில் புழுக்களைத் தின்று வாழும் இவ்வுயிரின் பெண், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய உறைத்தொகுதியில் முட்டைகளை இட்டு அதன் அடியை மணலில் ஊன்றி வைக்கிறது. குஞ்சுகள் சிறு ஓட்டோடே அவ்வுறையிலிருந்து வெளிவருகின்றன. உயிரோடிருக்கும் சங்கு வெண்மையாகத் தோற்றமளிப்பதில்லை. அதன் ஓட்டின்மேல் பழுப்பு நிறமான மெல்லிய தோல் படர்ந்திருக்கும். அதை நீக்கித் தேய்த்த பிறகே இலக்கியம் போற்றும் வெண்மை வெளிப்படும். ‘வெண்சங்கு’ என்னும் அடையடுத்த சொல், ஆகவே, உயிர் நீங்கித் தூய்மை செய்யப்பட்ட ஓட்டுக்கே பொருந்தும். சுட்டாலும் வெண்மை மாறாமையை மேன்மக்களுக்கு உவமையாக்கிய மூதுரையும் இந்த ஓட்டையே நோக்கியது. சுண்ணாம்புக் கல்லின் கூறுகளால் ஆன ஓட்டைச் சூளையில் இட்டால் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அதுவும் வெள்ளையே என்பதால் உவமை பொருள்நிலையிலும் பிழையற்றது.

சங்கு என்னும் சொல் அஃறிணைப் பெயர். நன்னூலார் கூறும் பால்பகா அஃறிணைப் பெயரும்கூட. ‘சங்கு கிடந்தது’, ‘சங்கு கிடந்தன’ என இருவகையாகவும் சொல்லலாம். ஒன்றா பலவா என்பதை வினைமுற்றே காட்டும். கள் விகுதியை எங்கும் ஒட்டி எழுதும் இக்கால உரைநடையில் ‘சங்குகள் கிடந்தன’ என்பதே பெருகிவிட்டாலும், பேச்சில் ‘நூறு சங்கு எடுத்தான்’ என்பதுதான் இயல்பு. உயிரா ஓடா என்பதையும் இதே முறையில் வினை காட்டுகிறது. ஊர்ந்தது, மேய்ந்தது, முட்டையிட்டது என்றால் உயிர். முழங்கியது, உடைந்தது, வெந்தது என்றால் ஓடு. செய்யுளில் அடிக்கடி வரும் முத்தீனுதல் உயிரின் பக்கம் நிற்கும் வினை. வளை நரலுதல் என்பதில் கரையோர அலையில் எழும் ஒலி உயிருக்கு உரியதா ஓட்டுக்கு உரியதா என்று துணிய முடியாதபடி இரண்டும் கலந்து கிடக்கின்றன.

ஓட்டின் பொருளும் பின்னர் விரிந்துகொண்டே சென்றது. குழந்தைக்குப் பால் புகட்டும் கலம் சங்கு. அது வெள்ளியிலும் பித்தளையிலும் வார்க்கப்பட்ட பிறகும் பெயர் மாறவில்லை. ஆலைகளில் வேலைநேரத்தை அறிவிக்கும் ஊதலும் சங்குதான். இங்கே வடிவமும் இல்லை, பொருளும் இல்லை, ஒலியின் பயன் ஒன்றே பெயரைக் கொண்டுவந்தது. இறுதிச் சடங்கில் ஊதப்படுவதால் ‘சங்கு ஊதிவிட்டார்கள்’ என்பது முடிவைக் குறிக்கும் மரபுத்தொடர் ஆயிற்று. குரல்வளையைச் சங்கு என்பதால் ‘சங்கை அறுத்தல்’ என்பது வளையல் தொழிலை விட்டு வன்முறையின் சொல்லாயிற்று. இவ்வளவு விரிவிலும் உள்ளே வாழ்ந்த உயிர் ஓரிடத்திலும் நினைக்கப்படவில்லை.

உணவாக எடுக்கப்படும் இடத்தில்தான் உயிர்ப்பொருள் மீண்டும் தலைகாட்டுகிறது. மட்டி சுவையானது என்று சொல்லும் கடற்கரையூர்க்காரர் ஓட்டைக் கருதுவதில்லை. ஆயினும் சங்கைப் பொறுத்தவரை அவரும் ‘சங்குச்சதை’ என்று சதையைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டி உணவின் பெயராகவும் சங்கு ஓட்டின் பெயராகவும் பிரிந்து நிற்பதையே இது காட்டுகிறது. கிளிஞ்சலின் நிலை இன்னும் தெளிவானது. சுண்ணாம்புச் சூளைக்குக் கூடைகூடையாகப் போன அச்சொல்லைக் கேட்டதும் கரையில் ஒதுங்கிய வெற்று ஓடுகளே இன்று மனத்தில் எழுகின்றன.

மீன்வளத் துறையின் தமிழில் நண்டு, இறால், சிப்பி, சங்கு அனைத்தையும் சேர்த்துக் குறிக்க ‘ஓட்டுமீன்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. மெல்லுடலுடையவற்றை மட்டும் குறிக்க ‘மெல்லுடலிகள்’ என்பது பாடநூல் வழக்கு. முன்னது ஓட்டை உடைய மீன் என்று விரியும் வேற்றுமைத் தொகையாயினும், மீன் அல்லாதவற்றை மீன் என்று சொல்வதால் வணிகப் பட்டியலுக்கு உதவுமே தவிர உயிரினத்தை விளக்காது. பின்னது ஓட்டை விட்டு உடலைப் பெயராக்கியதால் பொருத்தமானது. ஆனால் ஓடு சுருண்டவற்றுக்கு ‘வயிற்றுக்காலிகள்’ என்று உறுப்பை மொழிபெயர்த்து வழங்குவதைக் காட்டிலும், உரையாசிரியர்கள் சங்கையும் நத்தையையும் ஒருங்கே அடக்கிய ‘நந்து’ என்னும் இனப்பெயரையே கலைச்சொல்லாக மீட்டெடுத்து ‘நந்தினம்’ என்று வழங்கலாம். அச்சொல் குறியது, உருபேற்கும்போது மயக்கம் தராதது, நாகு, ஏற்றை என்று பால் வேறுபாடு சொல்லும் வசதியையும் உடன் கொண்டுவருவது.